மலைநாட்டுப் பனிக்காலமும் மார்பு நோய்களும்: கண்டிப் பிரதேசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மார்கழி, தை மாதங்களிற் கண்டி நகரையும் அதனைச் சூழவுள்ள மலைச்சாரல்களையும் பனி மூடுங்காலத்துத் தடிமனும் இருமலும் காய்ச்சலும் வீடுதோறும் புகுந்துவிடுகின்றன. பாடசாலைகளில் மாணவர் வரவு குன்றுகின்றது. வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளிற் குழந்தைகளை ஏந்திய தாய்மாரின் வரிசை நீளுகின்றது. ஆண்டுதோறும் தவறாது திரும்பிவரும் இத்துன்பத்துக்கு மக்கள் கூறும் காரணம் ஒன்றே: பனி பட்டுவிட்டது என்பதாகும். குளிரே நோயின் தாய் என்னும் இந்நம்பிக்கை பாமரரிடத்து மட்டுமன்றிக் கற்றோரிடத்தும் ஆள்வோரிடத்தும் நெடுங்காலம் நிலவியது.

ஆயின், பனி எல்லோர் மீதும் ஒருபடித்தாகவே பெய்கின்றது. நோயோ எல்லோரையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. பெருந்தோட்டங்களிற் காற்று வீசும் மேட்டு நிலத்தில் அமைந்தது துரையின் பங்களா. அதற்குக் கீழே பள்ளத்தில் அமைந்தவை தொழிலாளரின் லயங்கள். குளிர் மிகுந்தது மேட்டிலேயே. மார்பு நோய் மலிந்ததோ பள்ளத்திலேயே. இம்முரண்பாட்டுக்கு விளக்கம் காணக் காலநிலையை மாத்திரம் நோக்கினாற் போதாது. அக்காலநிலையில் மனிதர் எவ்வாறு வாழ வைக்கப்பட்டனர் என்னும் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

குளிரும் கிருமியும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிக்கு, மேலைத்தேயத்தவர் கருதும் பொருளிற் குளிர்காலம் என ஒன்றில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இரவும் விடியலும் குளிர்வதும், மழையும் மூடுபனியும் கலந்து வருவதுமே இங்குள்ள பனிக்காலம். தெற்கே 1,800 மீற்றருக்கு மேல் அமைந்துள்ள நுவரெலியாவிலோ தை, மாசி மாதங்களிற் சில விடியல்களில் உறைபனி படிகின்றது.

இந்நாட்டின் பழைய சான்றுகள் மலைநாட்டை மார்பு நோயின் உறைவிடமாகக் காட்டவில்லை. 1660இற் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், இந்நாட்டவரைப் பெரிதும் வருத்தும் நோய்களாகக் கூறியவை முறைக்காய்ச்சலும் வயிற்றுளைவும் அம்மையுமே. நொக்ஸ் மருத்துவர் அல்லராயினும் கூர்ந்து நோக்கும் இயல்பினர். அவர் கண்ட மலைநாட்டிலும் மார்கழிப் பனி பெய்தே இருக்கும். சிதறிய குடியிருப்புகளும் திறந்த முற்றங்களும் கொண்ட கிராம வாழ்வில் அப்பனி பெருங்கேடாக அவர் கண்ணிற்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

குளிர் பற்றிய நம்பிக்கை பிற்காலத்தில் ஆய்வுக்கும் உட்படுத்தப்பட்டது. 1946ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அருகில் தடிமன் ஆய்வுக்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது. அங்குத் தாமாக முன்வந்தோரை நீரில் நனைத்துக் குளிர்ந்த காற்றில் நிற்கவைத்துப் பார்த்தபோது, அதனால் மாத்திரம் தடிமன் உண்டாகவில்லை. வைரசு உடலிற் புகுந்தாலன்றி நோய் தோன்றுவதில்லை. இன்புளுவென்சா வைரசு மனிதரிடமிருந்து முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டதும் இங்கிலாந்திலேயே, 1933ஆம் ஆண்டில். தடிமனை உண்டாக்கும் வைரசுகள் இருநூறுக்கு மேற்பட்ட வகையின என்பது இன்று தெளிவாகியுள்ளது. ஒன்றுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற உடலை மற்றொன்று தாக்குவதனாலேயே இந்நோய்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன.

இவ்வாறு கூறுவதாற் குளிருக்குப் பங்கே இல்லை என்பது பொருளன்று. குளிர்ந்த காற்று மூக்கின் இயல்பான காப்பைத் தளர்த்துகின்றது. சில வைரசுகள் குளிரில் நீண்ட நேரம் நிலைக்கின்றன. எனினும் இவற்றினும் முக்கியமானது குளிர் மனிதரின் நடத்தையில் ஏற்படுத்தும் மாற்றமாகும். பனிக்காலத்தில் மக்கள் கதவையும் பலகணியையும் அடைத்து, அடுப்பைச் சூழ நெருங்கி இருப்பர்; ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்குவர். இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டில் இருமுறை, கார்த்திகை முதல் மாசி வரையிலும் மீண்டும் சித்திரை முதல் ஆனி வரையிலும், மிகுதியாகப் பரவுவதைச் சுகாதாரத் துறையினரின் கண்காணிப்புக் காட்டுகின்றது. குளிர் மாத்திரமே காரணமாயின், கண்டியில் வெப்பம் மிகுந்த சித்திரையில் இரண்டாவது பெருக்கம் தொடங்குதற்கு இடமில்லை.

கோப்பியும் கால்நடைப் பயணமும்

1815இற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1820களிற் கம்பளைக்கு அருகில் யோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனையை அடுத்த கன்னொறுவையில் ஆளுநர் எட்வேர்ட் பாண்ஸும் கோப்பிச் செய்கையைத் தொடங்கினர். அதன் விரிவோடு தென்னிந்தியத் தொழிலாளர் வரவும் பெருகியது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய வெப்பச் சமவெளிகளிலிருந்து புறப்பட்டோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைகளில் ஏறினர். வழியிற் பேதியும் அம்மையும் பசியும் பலரை மாய்த்தன. எஞ்சியோர் மெலிந்த உடலும் மெல்லிய ஆடையுமாக மலைநாட்டை அடைந்த காலம், பெரும்பாலும் கோப்பிப் பழம் பறிக்கும் காலமாகிய ஆண்டின் பிற்பகுதி. அதாவது, மழையும் பனியும் தொடங்கும் காலம். உடல் மிகவும் தளர்ந்திருந்த வேளையிலேயே அவர்கள் குளிரை எதிர்கொண்டனர்.

கோப்பித் தொழிலாளரிற் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலை இந்நிலைமையை மாற்றியது. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, 1869இற் பரவத் தொடங்கிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் மலைநாடெங்கும் பரந்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆதலாற் பெண்களும் குழந்தைகளும் அடங்கிய நிலையான குடும்பங்கள் தோட்டத்துக்குத் தேவையாயின. பருவத்துக்கு வந்து சென்ற கூட்டம், பனியிலும் மழையிலும் அங்கேயே பிறந்து அங்கேயே மடியும் சமூகமாயிற்று. மார்பு நோய் குழந்தைகளையே மிகுதியாகக் கொல்வது என்பதை நினைக்குமிடத்து இம்மாற்றத்தின் பொருள் விளங்கும்.

குளிருக்கு எதிராகத் தோட்ட நிருவாகம் வழங்கிய காப்பு கம்பளி ஒன்றே. தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் அக்கம்பளி, மழையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் குடையும் போர்வையுமாயிற்று. அதுவும் இலவசமாக வழங்கப்படவில்லை. அதன் விலை தொழிலாளியின் கணக்கிற் கடனாக எழுதப்பட்டது. பகலில் நனைந்த கம்பளியே இரவில் அடுப்பருகே உலர்ந்து போர்வையாகவும் பயன்பட்டது.

லயம் என்னும் நோய்க்களம்

மார்பு நோயின் வரலாற்றில் முதன்மைக் குற்றவாளி எனக் கருதத்தக்கது லயமே. நீண்டதொரு கூரையின் கீழ் வரிசையாகவும், பலவிடங்களில் முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை வரிசையாகவும் காம்பராக்கள் கட்டப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஒரு காம்பராவில் ஒரு குடும்பமும், சிலவேளை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களும் வாழ்ந்தன. இரட்டை லயத்திற் பின்சுவர் அடுத்த வீட்டின் சுவராதலாற் காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற வழியில்லை. பலகணி இல்லை, அல்லது ஒன்றே உண்டு. புகைபோக்கி இல்லாத அடுப்பில் ஈரவிறகு எரிந்தது. தரை மண், தகரக் கூரை இரவிற் குளிர்ந்து நீர் சொட்டியது.

இங்கு மூன்று தீமைகள் ஒருங்கு கூடின. முதலாவது நெருக்கம். ஒருவரின் இருமலில் வெளிப்படும் நுண்துளிகள் அடைபட்ட அறையில் நெடுநேரம் நிற்பன; ஐந்தாறு பேர் அருகருகே உறங்குமிடத்து ஒருவரின் நோய் எல்லோரின் நோயாகின்றது. இரண்டாவது புகை. மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் சளியையும் தூசையும் வெளியே தள்ளுவன. விறகுப்புகை அவற்றின் இயக்கத்தை மந்தமாக்குகின்றது. தாயின் முதுகிலோ மடியிலோ அடுப்பருகே வளரும் குழந்தையே இப்புகையை மிகுதியாகச் சுவாசிக்கின்றது. மலைநாட்டினும் உயர்ந்த குவாத்தமாலா நாட்டு மேட்டுநிலத்திற் புகைபோக்கி பொருத்திய அடுப்புகளை வழங்கி நடத்திய ஆய்வு, குழந்தைகளிடையே கடும் நியூமோனியா குறைந்ததை 2011இல் வெளிப்படுத்தியது. மூன்றாவது ஊட்டக்குறை. பசித்த உடலிற் சாதாரண தடிமனும் எளிதில் மார்புச்சளியாக இறங்குகின்றது.

இம்மூன்றையும் விடுத்து நோய்க்குக் காலநிலையே காரணம் என்று கூறுவது தோட்ட உடைமையாளருக்கு வாய்ப்பான விளக்கமாக இருந்தது. பனிக்கு எவரும் பொறுப்பாளி அல்லர். லயத்துக்கோ அதனைக் கட்டியவர் பொறுப்பாளி ஆவார்.

சட்டங்களும் அவற்றின் எல்லையும்

தொழிலாளர் இறப்பு அரசாங்கத்தின் கவனத்தை முற்றாகப் பெறாமற் போகவில்லை. 1872ஆம் ஆண்டு தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவை பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியும் பின்வந்த திருத்தங்களின் வழியும் மலைநாட்டில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் தோன்றின. 1912இல் இரு சட்டங்கள் ஒருங்கே வந்தன: 9ஆம் இலக்கச் சட்டம் மருத்துவத் தேவைகளையும், 10ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளரிடையே நோய் பரவுவதையும் பற்றியன. லயங்களின் சுகாதார நிலை அரசாங்க மேற்பார்வைக்கு உட்பட்டது இவற்றின் பயனேயாகும்.

எனினும் இச்சட்டங்களின் நோக்கு நோயுற்ற தொழிலாளியை மீண்டும் மலைக்கு அனுப்புவதிலேயே பெரிதும் நின்றது. வைத்தியசாலைக்குச் செல்லும் வழியோ பல மைல். கடும் நியூமோனியாவுற்ற ஒருவரைக் கம்பளியிற் கட்டி மலைப்பாதையில் தூக்கிச் செல்வதே அவர் உயிருக்கு உலைவைப்பதாயிற்று. தோட்ட மருந்தகத்திற் கிடைத்த கலவை மருந்தும் வீட்டிற் காய்ச்சிய சுக்குமல்லிக் குடிநீரும் தொண்டைக்கு இதம் அளித்தனவன்றி, நுரையீரலைப் பற்றிய நோயைத் தணிக்கும் ஆற்றல் உடையனவல்ல. அக்காலத்து மேலைமருத்துவத்திலும் அதற்குரிய மருந்து இருக்கவில்லை.

1918: பெருந்தொற்றின் சாட்சியம்

இந்நிலைமையிலேயே 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாப் பெருந்தொற்று இலங்கையை வந்தடைந்தது. 1914இற் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவையும் அதனோடிணைந்த புகைவண்டிப் பாதையும் திறக்கப்பட்டிருந்தன. முன்னர்ப் பல நாட் கால்நடையாக வந்த தொழிலாளர் இப்பொழுது விரைந்து மலைநாட்டை அடைந்தனர். நோயும் அவ்வாறே விரைந்தது. தென்னிந்தியக் கரையிலுள்ள மண்டபம் முகாமிற் பேதியையும் அம்மையையும் தடுப்பதற்காகத் தொழிலாளர் மறித்து வைக்கப்பட்டனர். ஆயின், நோய்க்குறி தோன்றுமுன்னரே பிறருக்குத் தொற்றக்கூடிய இன்புளுவென்சாவுக்கு அத்தகைய தடுப்பு ஏற்றதன்று. கொழும்புத் துறைமுகமும் தலைமன்னாரும் நோய் நுழைந்த இரு வாயில்களாயின.

1918 ஒக்டோபர் அளவில் நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் இறப்பு உச்சமடைந்தது. மத்திய மலைப்பகுதியில் உச்சம் வந்தது அதன் பின்னரே, 1919 மார்ச் அளவில். மார்ச் மாதம் கண்டியிற் பனி விலகி வெயில் ஏறும் காலம். குளிரே நோயின் காரணமாயின் மார்கழியிலும் தையிலும் அன்றோ அது உச்சமடைந்திருத்தல் வேண்டும்! நோய் பின்பற்றியது வெப்பமானியை அன்று. மனிதர் சென்ற வழியையும் அவர்கள் வாழ்ந்த நெருக்கத்தையுமே. அத்துடன் 1919இல் அரிசி இறக்குமதி சுருங்கிப் பஞ்சம் நேர்ந்தது. இறக்குமதி அரிசியையே நம்பி வாழ்ந்த தோட்ட மக்களின் உடல் மேலும் தளர்ந்தது.

பிற்கால ஆய்வாளர், பிறப்புக் குறைவையும் உட்படுத்தி, இப்பெருந்தொற்றால் இலங்கைக்கு ஏற்பட்ட மக்கட்டொகை இழப்பை 3,07,000 எனவும், அது அன்றைய மக்கட்டொகையில் ஏறத்தாழ 6.7 வீதம் எனவும் மதிப்பிட்டுள்ளனர். உலகெங்கும் போலவே, குழந்தையரையும் முதியோரையும் மட்டுமன்றி இருபது முதல் நாற்பது வயதினரையும் இந்நோய் கொன்றது. இறந்தோரிற் பெரும்பாலாரை மாய்த்தது வைரசைத் தொடர்ந்து பற்றீரியாக்கள் உண்டாக்கிய நியூமோனியாவேயாகும். இலங்கையின் அரசியல் வரலாற்றை எழுதியோர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கும் 1931ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கும் அளித்த இடத்தில் நூறில் ஒரு பங்கையேனும் இப்பேரிழப்புக்கு அளித்தாரல்லர். எழுத்தறிவில்லா மக்களின் மரணம் ஏடுகளில் இடம்பெறாமை வியப்பன்று. ஆயினும் அது வரலாற்றின் குறையே.

மருந்தும் தடுப்பூசியும் தந்த மாற்றம்

1930களின் இறுதியிற் சல்பா மருந்துகளும், 1940களிற் பெனிசிலினும் நியூமோனியாவின் கொடுமையைத் தணித்தன. இலங்கையிற் பி.சி.ஜி. ஊசி 1949இலும், கக்குவான் முதலிய மூன்று நோய்களுக்கான முக்கூட்டு ஊசி 1961இலும் வழங்கத் தொடங்கப்பட்டன. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் நிறுவப்பட்டது. 1984இற் சின்னமுத்துக்கான ஊசியும், 2008இற் குழந்தைகளின் நியூமோனியாவுக்குக் காரணமான ஒருவகைப் பற்றீரியாவுக்கு எதிரான கூட்டூசியும் சேர்க்கப்பட்டன. சின்னமுத்தும் கக்குவானும் தணிந்தபின் மார்புச்சளியாக இறங்கிப் பிள்ளைகளைக் கொன்றவை என்பதை நினைப்பின், இவ்வூசிகளின் பெருமை விளங்கும். 1962இற் பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றியமை இப்பிரதேசத்தின் மருத்துவ வளர்ச்சியில் ஒரு திருப்பமாகும்.

ஆயினும் தோட்ட மக்கள் இப்பயன்களைக் காலந்தாழ்த்தியே பெற்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதவரின் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் குரல்கொடுப்பார் அருகினர். அவர்களின் சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பா, தோட்டத்தின் பொறுப்பா என்னும் வினாவுக்கிடையே பல தலைமுறைகள் கழிந்தன. 1970களிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், லயங்கள் பலவும் நின்றன.

கண்டி நகருக்கும் புதியதொரு புகை வந்து சேர்ந்தது. நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்றது அந்நகர். பனிக்கால விடியல்களிற் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, வாகனப் புகையை மேலெழ விடாது தடுக்கின்றது. அதே மாதங்களில் வடகீழ்க் காற்று துணைக்கண்டத்தின் மாசையும் சுமந்து வருவதுண்டு. 2022 திசம்பர் 9ஆந் திகதி காற்றின் மாசு காரணமாக நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டமை இதற்குச் சான்று. லயத்து அடுப்பின் புகை ஏழையின் மார்பை மட்டும் தாக்கியது. நகரின் புகை வேறுபாடு காட்டாது எல்லோரையும் தாக்குகின்றது.

தடுக்கும் வழிகள்

இவ்வரலாறு தரும் பாடங்கள் தெளிவானவை. முதலாவது, வீடு. காற்று புகுந்து வெளியேறும் பலகணியும், புகைபோக்கி கொண்ட அடுப்பும், நெருக்கமற்ற படுக்கையிடமும் மருந்துக்கு முற்பட்ட மருந்துகளாகும். பனிக்கு அஞ்சிப் பலகணியை முற்றாக அடைத்தல் குளிரைத் தடுத்து நோயை உள்ளே பூட்டிவைத்தலை ஒக்கும். போர்வையை மிகுத்துக் காற்றுவழியைத் திறந்து வைத்தலே ஏற்றது. இரண்டாவது, பழக்கம். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், இருமும்போது வாயை மூடுதல், நோயுற்ற பிள்ளையைப் பாடசாலைக்கோ பிள்ளைக் காம்பராவுக்கோ அனுப்பாமை, நெரிசலான இடங்களில் முகக்கவசம் அணிதல் ஆகியன எளியன. 2020இல் வந்த கொரோனாத் தொற்று இவற்றின் பயனை மீண்டும் உணர்த்திற்று. பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய்க்கு அன்றைய சம்பளம் இழப்பாகாதிருத்தலும் வேண்டும். இன்றேல் அவ்வறிவுரை வெறுஞ்சொல்லாகும்.

மூன்றாவது, ஊட்டமும் ஊசியும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மாத்திரம் அளித்தலும், உரிய வயதில் உரிய தடுப்பூசிகளை ஏற்றலும் குழந்தையின் மார்புக்குக் காவலாம். இன்புளுவென்சா வைரசு உருமாறும் இயல்பினதாகலின் அதற்குரிய ஊசி ஆண்டுதோறும் தேவைப்படுகின்றது. முதியோர், கருவுற்றோர், தொய்வு நோயாளர் ஆகியோருக்கு அது பெரிதும் பயன்தரும். நான்காவது, காலந்தாழ்த்தாமை. மூச்சு விரைதல், விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல், பால் குடிக்க மறுத்தல் ஆகிய குறிகள் தோன்றின், அது தடிமன் அன்று. குழந்தையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். வைரசுத் தடிமனுக்குப் பற்றீரியாக் கொல்லி மருந்துகளை உண்பது பயனற்றது மட்டுமன்றி, அம்மருந்துகளின் ஆற்றலையே வருங்காலத்தில் அழிப்பதுமாகும்.

முடிவாக நோக்குமிடத்து, மலைநாட்டுப் பனி மாறாதது. மாறியதும் மாற்றத்தக்கதும் அப்பனியின் கீழ் மனிதர் வாழும் நிலைமையே. நொக்ஸ் கண்ட மலைகளிலும் இன்றைய மலைகளிலும் மார்கழி ஒன்றே. இடையில் எழுந்தவை லயமும் புகையும் பசியும். பனியைப் பழித்து அமைதி கொள்வது எளிது. ஆயின், ஒரு நூற்றாண்டுக்கு முன் லயத்துக் காம்பராக்களில் மூச்சுத் திணறி மாண்ட பெயரறியா மக்களின் வரலாறு அவ்வெளிமையை மறுத்து நிற்கின்றது. பனிக்காலந்தோறும் வைத்தியசாலை வாயிலில் நீளும் தாய்மாரின் வரிசை குறுகுவதற்கு வீட்டுச் சுவரிற் பலகணியும் கூரையிற் புகைபோக்கியும் முதலில் திறத்தல் வேண்டும்.